இஞ்ஞாசிக்கு அடையாளம் தெரியாத வீடு

கடலுக்குப் போய்ப் பிணமாகக்கூடக் கரை ஒதுங்காத இஞ்ஞாசி, மூன்று வருஷம் கழித்து ஒரு டிசம்பர் மாதச் சாயங்காலம், பெண்கள் வாசலில் உட்கார்ந்து மீன் வெட்டுகிற நேரத்தில், சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டச் சிப்பிமுனைக்குள் நடந்து வந்து, தொபியாஸின் டீக்கடை முன்னால் நின்று, "அண்ணே, என் வீடு எங்க?" என்று கேட்டபோது, தொபியாஸ் செய்த முதல் காரியம் அடுப்பைத் தூண்டிவிட்டது. வழியை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், முதலில் சூடாக ஏதாவது உள்ளே போகட்டும் என்று அவருக்குத் தோன்றியது. அத்தனை நாள் தண்ணீரில் கிடந்தவனுக்குக் குளிராதா என்ன?

இஞ்ஞாசி டீயைக் குடித்தான், சர்க்கரை குறைச்சல் என்றான், விலை ஏறியிருப்பதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். தொபியாஸ் எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, "எதுத்தாப்புலதானல இருக்கு உன் வீடு" என்றார். இஞ்ஞாசி திரும்பிப் பார்த்தான். அங்கே எலுமிச்சை மஞ்சளில், வெள்ளைச் சன்னல்களும் வாசலில் வளைவும் வைத்து, கூரை முகப்பிலிருந்து பெரிய காகித நட்சத்திரம் தொங்க ஒரு வீடு நின்றது.

"அது இல்லண்ணே. என் வீடு நீலம்லா."

அந்த மஞ்சள் வீட்டின் வாசலில் சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி செலஸ்டினா. அவனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த மீன் நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. இஞ்ஞாசி தெருவைக் கடந்து வந்து, அடுத்தவர் வீட்டுப் படியில் ஈரம் படக்கூடாது என்று மரியாதையாகத் தள்ளி நின்று, "ஏக்கா, இந்தத் தெருவுல செலஸ்டினா வீடு எது?" என்று கேட்டான். ஒரு சொல் அவள் தொண்டையிலிருந்து பல் வரைக்கும் வந்தது. அங்கிருந்து அப்படியே திரும்பிப் போய்விட்டது.

இப்போது அந்த வீட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். சிப்பிமுனையில் ஒரு வழக்கம் உண்டு. உடல் கிடைக்காமல் போனவன் வீட்டுக்கு வெள்ளை அடிக்க மாட்டார்கள், கிறிஸ்துமஸ் வந்தால் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், உடைந்த கூரை ஓட்டைக்கூட மாற்ற மாட்டார்கள். கடலில் இருக்கிறவன் கரை அடையாளத்தைப் பார்த்துத்தான் திரும்புகிறான், கோயில் கோபுரத்தைப் பார்ப்பான், ஒற்றைப் பனையைப் பார்ப்பான், ஊருக்குள் கால் வைத்துவிட்டால் தன் வீட்டைப் பார்ப்பான், அதை மாற்றி வைத்தால் பாவி எங்கே போவான் என்பது அவர்கள் நியாயம். வீட்டுக்காரியே முன்வந்து பங்குச்சாமியிடம் செத்தவனுக்கான அடக்கப் பூசை கேட்கிற வரைக்கும் அந்த வீடு அப்படியேதான் கிடக்க வேண்டும். செலஸ்டினா அடக்கப் பூசையும் கேட்கவில்லை, வீட்டையும் தொடவில்லை. படகுக்கு அடித்து மிஞ்சின நீலப் பெயிண்டை இஞ்ஞாசி தன் கையாலேயே அடித்த சுவர்கள் உப்புக் காற்றில் உரிந்து தொங்கின, மழைக்காலத்தில் கட்டிலை நகர்த்தி நகர்த்தி மூலைக்கே கொண்டுபோய்விட்டாள், ஊர் அவளை மெச்சிக்கொண்டது. மெச்சியவர்கள் வீட்டில் எல்லாம் கூரை ஒழுகாமல் இருந்தது.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து டிவிக்காரர்கள் வந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்குப் போடுவதற்கு ஒரு படம். சென்னையில் பெரிய வேலையில் இருக்கிற பெண் ஒருத்தி, சித்தப்பா எழுதிவைத்துவிட்டுப் போன பழைய கடற்கரை வீட்டை விற்றுத் தொலைக்கலாமென்று பெட்டியோடு வந்து இறங்குவாள், அதைப் பழுது பார்க்க ஒரு தச்சன் வருவான், அவனுக்கு எந்நேரமும் சவரம் செய்யாத முகமும் சலவை மடிப்புக் கலையாத சட்டையும், இரண்டு பேரும் எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று சண்டை போட்டுப் போட்டே காதலிப்பார்கள், கடைசியில் கூரை முகப்பில் நட்சத்திரம் கட்டும்போது பனி கொட்டும். சிப்பிமுனையில் பனி ஏது என்று பங்குச்சாமி கேட்டதற்கு, "அது நாங்க கொண்டு வருவோம் ஃபாதர்" என்றார் டைரக்டர். கொண்டுவந்தது சோப்பு நுரை. பாதியை ஆடுகள் தின்றுவிட்டன.

செட் போடுவதைவிட நிஜ வீட்டையே எடுத்துக்கட்டிவிடுவது லாபம் என்று அவர்கள் கணக்குப் போட்டு, இடிந்த வீடாகப் பார்த்து, செலஸ்டினாவிடம் வந்து கேட்டார்கள். எல்லாம் நாங்களே செய்து தருகிறோம், ஓடு, பூச்சு, சன்னல், தரை, நீங்கள் சரி என்று தலையாட்டினால் போதும். தெருவே கூடி நின்றது. பாவப்பட்ட பொம்பிளை, கண்ணீரோடு மறுத்துவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். செலஸ்டினா மூலையில் கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

முதலில் பழைய வீட்டை அப்படியே படம் பிடித்தார்கள். "நீங்க அந்தப் பழைய சேலையிலயே வாசல்ல நின்னு கடலைப் பாருங்கம்மா. வசனமெல்லாம் கிடையாது" என்று டைரக்டர் சொன்னதால், உரிந்த நீலச் சுவருக்கு முன்னால் செலஸ்டினா நின்று கடலைப் பார்த்தாள். அது அவளுக்குப் பழக்கமான வேலைதான். அதன் பிறகு சுத்தியலும் கடப்பாரையும் வந்தன.

டிவிக்காரர்களோடு வந்த பெயிண்டர் பெயர் அருளப்பன், தூத்துக்குடிக்காரன். பேச்சுக் குறைவு, நாற்பது வயதுக்குக் காதோரம் நரை, எதைத் தொட்டாலும் முதலில் உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்க்கிற குணம். கதாநாயகி எந்த நிறத்தைத் தேர்ந்தெடுப்பதாகக் காட்டுவது என்று டைரக்டரும் கேமராக்காரரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அருளப்பன் நிற அட்டையை எடுத்துக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போய், "இருக்கப் போறது நீங்க. உங்களுக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டான். அவளிடம் அப்படி யாரும் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. அவள் எலுமிச்சை மஞ்சளில் விரலை வைத்தாள். படத்தில் கதாநாயகி அந்த மஞ்சளுக்காக அழுது சண்டை போடுகிற காட்சி எடுக்கும்போது, கூட்டத்தில் நின்ற செலஸ்டினா தன்னை மறந்து சிரித்தாள். ஏணி மேல் நின்ற அருளப்பன் அதைப் பார்த்தான். மேக்கப் பெண் அவள் முடியைக் கொஞ்சம் வெட்டிவிட்டாள், புதுச் சேலை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள், ஒழுகாத வீட்டில் நல்ல தூக்கம் வந்து கன்னத்தில் சதை பிடித்தது. டிவிக்காரர்கள் போன பிறகும், கோயில் கதவுக்கு வர்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது என்று அருளப்பன் தங்கிவிட்டான். அந்தக் கதவு அவ்வளவு பெரிய கதவு இல்லை.

இஞ்ஞாசி வந்தது அதற்குப் பிறகுதான்.

தினம் சாயங்காலம் அதே நேரத்துக்கு வருவான், கடலிலிருந்து நேரே டீக்கடைக்கு, பெஞ்சில் அவனுக்கென்று ஓரத்து இடம். இருட்டியதும் கோபித்துக்கொள்ளாமல் எழுந்து, "நாளைக்குப் பார்ப்போம்" என்று தண்ணீருக்குத் திரும்பிவிடுவான். ஊர் அவனுக்குப் பழகிக்கொள்ள அதிகக் காலம் எடுக்கவில்லை. "இஞ்ஞாசி வந்தாச்சா?" என்று கேட்டு விளக்குப் போட ஆரம்பித்தார்கள். அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தில் பூத்த உப்பைப் பெண்கள் சுரண்டிக் கருவாட்டுக்குப் போட்டார்கள், அந்தக் கருவாட்டுக்குச் சந்தையில் தனிப் பேர் வந்தது. அவன் கோயிலுக்கும் வந்து கடைசி வரிசையில் ஈரத்தோடு நின்றதால், பூசைக்கு வருகிறவனுக்கு அடக்கப் பூசை வைக்கலாமா கூடாதா என்று பங்குச்சாமி மறைமாவட்டத்துக்கு எழுதிக் கேட்டார், அங்கிருந்து பதிலே வரவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக் கொடுத்து, "கீழ நெலவரம் எப்படில?" என்று விசாரிப்பார்கள். அவனும் வெள்ளந்தியாக, வடக்கே பாறைக்கு அந்தப் பக்கம் ஊளி மீன் கூட்டம் கிடக்கிறது, தெற்கே போகாதீர்கள் என்று சொல்லுவான். சொன்னபடியே வலை நிரம்பியது. அந்த வருஷம் போல ஒரு டிசம்பரைச் சிப்பிமுனை கண்டதில்லை. அதனால் அவனை வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள், ஆனால் யாருக்கும் அவசரம் இல்லை.

முயற்சியே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கையைப் பிடித்து மஞ்சள் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டுபோனார்கள். அவன் வழவழப்பான தரையில் தன் ஈரக்கால் தடத்தைப் பார்த்துக் கூசிப்போய், "பெரிய எடம்லா இது. வீட்டுக்காரவுக வைய மாட்டாவளா?" என்று வெளியே ஓடிவந்து, செலஸ்டினாவைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீயக்கா, ஆள் மாறிக் கூட்டிட்டு வந்துட்டாவ" என்று மன்னிப்புக் கேட்டான். இவள்தான்ல உன் பெண்டாட்டி என்று தொபியாஸ் அதட்டினார். அவன் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "எம் பெண்டாட்டி ஒல்லியா இருப்பா. இவ்வளவு சந்தோசமா இருக்க மாட்டா."

அந்தச் சொல்லைத் தெரு கேட்டது, அருளப்பன் கேட்டான், செலஸ்டினா கேட்டாள். மற்றவர்கள் அதை இரண்டு நாளில் மறந்தார்கள்.

இஞ்ஞாசி கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! குடித்துவிட்டு அடித்திருந்தால், இன்னொருத்தி வீட்டுக்குப் போய் வந்திருந்தால், சோற்றைத் தட்டிவிட்டிருந்தால், ஏதாவது ஒன்று. அவன் அதெல்லாம் செய்யவில்லை. நல்ல மீனை அவள் தட்டில் வைத்துவிட்டுத் தலையைத் தான் தின்றான். ராத்திரி வாயைப் பிளந்துகொண்டு தூங்குவான், கொடுவா மீன் மாதிரி. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துச் சிரித்தவள், "ஏ கொடுவா" என்று கூப்பிட ஆரம்பித்தாள், நாலு சுவருக்குள் மட்டும், அவன் காதுக்கு மட்டும். வெளியே எல்லாப் பெண்டாட்டிகளையும் போல "ஏங்க"தான். அந்தப் பெயர் அவர்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. வீடு மாறலாம், முகம் மாறலாம், அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டால் இஞ்ஞாசி நின்றுவிடுவான், திரும்புவான், வந்துவிடுவான். மஞ்சள் சுவரைச் சுரண்டிப் பழையபடி ஆக்கத் தேவையில்லை, பங்குச்சாமி தேவையில்லை. இது செலஸ்டினாவுக்கு முதல் நாளே தெரியும். முதல் நாள் பல் வரைக்கும் வந்து திரும்பிய சொல் அதுதான்.

நாளைக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு சாயங்காலமும் சொல்லிக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் பெஞ்சில் நனைந்துபோய் உட்கார்ந்திருக்க, இந்தப் பக்கம் ஒழுகாத கூரைக்குக் கீழே அவள் மீன் வெட்டினாள், கையை அறுத்துக்கொண்டாள், சோற்றுக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். தெருப் பெண்கள் வந்து, "நீ என்னட்டி செய்வ, உன்னால ஆனதெல்லாம் செஞ்சிட்ட" என்று தேற்றிவிட்டுப் போனார்கள். அந்த ஆறுதல்தான் அவளைக் கொன்றது.

அருளப்பன் மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் வாளியோடு வந்து நின்றான்.

"முன் சுவரை நீலமா ஆக்கிருதேன். படகுக் கடையில அதே பெயிண்டுதான் வாங்கியிருக்கேன்."

"அவரு வந்துட்டா?"

"நான் தூத்துக்குடி பஸ் ஏறிருவேன்" என்றான் அவன், தூரிகையைப் பார்த்துக்கொண்டே. "வரலன்னா என்னன்னு நான் கேக்கல."

பகல் முழுக்க வெயிலில் நின்று அவன் மஞ்சளை மறைத்து நீலம் அடித்தான், தனக்குத்தானே குழி தோண்டுகிறோம் என்று தெரிந்தே கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் அடித்தான். சாயங்காலம் இஞ்ஞாசி வந்து பார்த்தான். பக்கத்தில் போய்ச் சுவரை முகர்ந்தான். "நல்ல கைவேலை" என்று அருளப்பனிடம் மெச்சினான். "என் வீட்டுச் சுவர்ல தூரிகை ஓடின தடம் கோணல் கோணலா இருக்கும் தம்பி. எனக்கு இம்புட்டு நேரா அடிக்க வராது." அருளப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. கதவோரம் நின்ற செலஸ்டினாவுக்கு, வெளியே சொல்லக் கூசுகிற ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் விடியும் வரை தூங்கவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. தங்கள் ஊர்ப் படத்தைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று டீக்கடை முன்னால் பெரிய டிவி வைத்து, பந்தல் கட்டி நாற்காலி போட்டு, எல்லோருக்கும் கேக்கும் வடையும் கொடுத்தார்கள். செலஸ்டினா மூன்றாவது வரிசையில், அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி அருளப்பன், பெஞ்சின் ஓரத்தில் வழக்கம்போல இஞ்ஞாசி. எழுத்துப் போட்டார்கள், பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் திரையில் முதலில் வந்தது கடல், பிறகு தெரு, பிறகு உப்பில் உரிந்து, ஓடு சரிந்து, கோணல் கோணலாகத் தூரிகைத் தடம் ஓடின நீல வீடு. வாசலில் பழைய சேலையில் ஓர் ஒல்லிப் பெண்.

"அந்தா!" என்று இஞ்ஞாசி எழுந்தான். "அந்தா இருக்குல்லா! இத்தன நாளா எல்லாருமா சேந்து எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனீயளே!"

அவன் சிரித்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே நடந்தான், கோயிலில் நற்கருணை வாங்கப் போகிறவனுக்கு வழிவிடுகிற மாதிரி எல்லோரும் முழங்காலை ஒதுக்கிக்கொடுத்தார்கள், செலஸ்டினாவைத் தாண்டும்போது அவன் சட்டை நீர் இரண்டு சொட்டு அவள் கையில் விழுந்தது. இப்போது, இப்போதாவது, என்று அவள் வாயைத் திறந்தாள். ஒரு நாற்காலி தள்ளி அருளப்பன் மூச்சுவிடுவது கேட்டது. வாயை மூடிக்கொண்டாள். அடுத்த நிமிஷம் இஞ்ஞாசி திரைக்குள்ளே தெருவில் நடந்துகொண்டிருந்தான். வீட்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது வழக்கம்போலத் தயங்கி நின்றான்.

வாசலில் நின்ற பெண் கடலைப் பார்ப்பதை விட்டுத் திரும்பினாள். அவளுக்கு வசனம் கிடையாது என்று டைரக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவள், தெரு முழுவதற்கும் கேட்கிற மாதிரி, செலஸ்டினாவின் சொந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"ஏ கொடுவா! அங்கன என்ன வாய் பாத்துட்டு நிக்கீரு? சோறு ஆறுதுல்லா, வாரும்!"

இஞ்ஞாசி ஓடினான். கதவு சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகு கதாநாயகி பெட்டியோடு வந்து இறங்கி, இந்த வீட்டை எவன் வாங்குவான் என்று மூக்கைச் சுளித்தாள், அதை யாரும் பார்க்கவில்லை. மொத்தத் தெருவும் நாற்காலியில் திரும்பிச் செலஸ்டினாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொபியாஸ்தான் கேட்டார், கோபமே இல்லாமல் கேட்டார்.

"இப்படி ஒரு பேரு இருந்துச்சாட்டி?"

"இருந்துச்சு" என்றாள் செலஸ்டினா.

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், வலை நிரம்பியபோது நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்பாளோ என்று அவர்களுக்கும் பயம் இருந்தது. மறுநாள் பெஞ்சின் ஓரம் காய்ந்து கிடந்தது. அருளப்பன் தூரிகைகளைக் கழுவிக் கட்டிக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினான், ஈஸ்டர் கழித்துத் திரும்பி வந்தான். அதற்குள் செலஸ்டினா தானே போய் அடக்கப் பூசை கேட்டு வாங்கியிருந்தாள். இரண்டு பேரும் மேளம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டார்கள், முன் சுவருக்கு மறுபடியும் மஞ்சள் அடித்தார்கள். அவன் நல்லவன், அந்தப் பெயரைப் பற்றி ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை, விளையாட்டாக, "எனக்கும் ஒரு பேரு வையேன்" என்றான். அவள் எவ்வளவோ யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை, "ஏங்க" என்றே கூப்பிட்டுவந்தாள்.

படத்தை வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் போடுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் அந்த ஈரச் சட்டை ஆளை யாரோ துணை நடிகர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். செலஸ்டினா முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு டிவியை அணைத்துவிடுவாள்.

போன வருஷம் அருளப்பன் கேக் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வீட்டில் அவள் தனியாக இருந்தாள். கடல் வந்தது, தெரு வந்தது, நீல வீடு வந்தது. இஞ்ஞாசி ஓடிப்போய்க் கதவுக்குள் ஒரு கால் வைக்கும்போது, செலஸ்டினா எழுந்து டிவிக்குக் கிட்டே போய், இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்ததை வெளியே எடுத்துக் கூப்பிட்டாள்.

"ஏ கொடுவா."

திரையில் இஞ்ஞாசி நின்றான். திரும்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்தான். "ஏட்டி, யாரோ கூப்புடுதாவளா?" என்று உள்ளே கேட்டான்.

பழைய சேலைக்காரி கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். செலஸ்டினாவைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவன் தோளில் கை வைத்து உள்ளே திருப்பினாள்.

"நம்மள இல்ல. மஞ்ச வீட்டு அக்கா அவுக வீட்டுக்காரரைக் கூப்புடுதாவ. நீரு வாரும், சோறு ஆறுது" என்று கதவைச் சாத்தினாள்.